குறைந்த செலவில் கரண்ட்டில் பீர் காய்ச்சும் பானை: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

புதுமால்ட்
20 லிட்டர் பேட்ச். கையில் இருப்பது 40 லிட்டர் எவர்சில்வர் பானை, 35 செமீ விட்டம். வீட்டில் தனி எம்சிபி-யோடு (அதிகக் கரண்ட் போனால் தானே அணையும் சுவிட்ச்) ஒரு 16 ஆம்ப் பாயின்ட், 230 வோல்ட். கேஸ் வேண்டாம், கரண்ட்டிலேயே முடிக்க வேண்டும். இப்போதைய திட்டம்: பானையில் துளை போட்டு 3000 வாட் கெய்சர் எலிமெண்ட், அதை நேராக எஸ்டிசி-1000 வெப்பநிலைக் கண்ட்ரோலரில் கொடுப்பது. மூன்று பானை, இரண்டு பம்ப் என்று போகிற வரைபடங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அவ்வளவும் தேவையா? பிஐடி (வெப்பநிலையைத் துல்லியமாகப் பிடிக்கும் கண்ட்ரோலர்) இல்லாமல் முடியாதா?

ஓம்விதி
மூன்று பானையை மறந்துவிடுங்கள். 20 லிட்டருக்கு ஒரே பானை, உள்ளே வலைப்பை, அது போதும். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) பையில் போட்டு 67 டிகிரியில் ஊறவைப்பது மாஷ்; பிறகு பையைத் தூக்கிவிட்டு அதே பானையில் கொதி. முதலில் தண்ணீர்க் கணக்கு.

ஈஸ்ட் போடும் பாத்திரத்துக்கு 20 லிட்டர், அடியில் தங்கும் மண்டிக்கு 1.5, ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது 3, 5 கிலோ மால்ட் உறிஞ்சுவது 3.5 (பையைப் பிழிந்தால் கிலோவுக்குச் சுமார் 0.7 லிட்டர்). ஆக மொத்தம் 28 லிட்டர். மால்ட் கொட்டினால் கிலோவுக்கு 0.67 லிட்டர் இடம் பிடிக்கும். நீர்மட்டம் 31 லிட்டர் குறியைத் தாண்டும். 40 லிட்டர் பானை சரி. 35 லிட்டர் பானை என்றால் கிளறும்போது வழியும்.

அடுத்து வாட். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.186 கிலோஜூல். 28 லிட்டரை 25-இலிருந்து 70-க்கு ஏற்ற சுமார் 5270 கிலோஜூல், அதாவது 1.47 யூனிட். 3000 வாட்டில் 29 நிமிடம், 2000 வாட்டில் 44 நிமிடம். பையைத் தூக்கியபின் மிஞ்சும் 24.5 லிட்டரை 67-இலிருந்து கொதிக்கு ஏற்ற 3000 வாட்டில் 19 நிமிடம், 2000 வாட்டில் 28. பானைச் சுவர் வழியே போகிற சூட்டுக்கு இவற்றின் மேல் ஒரு பத்துப் பதினைந்து சதவீதம் போட்டுக்கொள்ளுங்கள்.

சூடேற்றும் நேரத்தை மட்டும் வைத்து 2000 வாட் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும். மணிக்கு 3 லிட்டர் ஆவியாக வேண்டும் என்றால் அதற்கு மட்டுமே 1.9 கிலோவாட் தொடர்ந்து போகவேண்டும். 2000 வாட்டில் பானைக்கு உறை போடாவிட்டால் கொதி சோம்பலாகத்தான் இருக்கும். உங்கள் பாயின்ட்டுக்கு 3000 வாட் பொருத்தம்: 230 வோல்ட்டில் 13 ஆம்ப்.

எலிமெண்ட்டின் மேல் எந்த வோல்ட்டுக்கு 3000 என்று அச்சிட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 240 வோல்ட்டுக்கு என்று இருந்தால் 230-இல் 2750 வாட்தான், 220-இல் 2520. வோல்ட்டேஜ் விகிதத்தின் வர்க்கத்தில் குறையும்.

செம்புக்கம்பி
எஸ்டிசி-1000 வகையில் உள்ளே இருக்கும் ரிலே (கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்) 10 ஆம்ப். 13 ஆம்ப்பை நேராகக் கொடுத்தால் சில பேட்ச்களில் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலே ஆஃப் ஆகாது, திரையில் மட்டும் ஆஃப் என்று காட்டும். அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அது ஒரு கான்டாக்டரின் (பெரிய கரண்ட்டைத் தாங்கும் ரிலே) காயிலை மட்டும் இயக்கட்டும், லோடைக் கான்டாக்டர் சுமக்கட்டும். அல்லது எஸ்எஸ்ஆர் (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) பக்கம் போங்கள்.

செலவைக் குறைக்கவே கூடாத இடம் எர்த் கசிவுப் பாதுகாப்பு. எம்சிபி கம்பியைக் காக்கும், ஆளைக் காக்காது. 30 மில்லிஆம்ப் கசிவில் அணைக்கும் ஆர்சிசிபி, அல்லது எம்சிபி-யும் அதுவும் சேர்ந்த ஆர்சிபிஓ கட்டாயம். எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் இருப்பதால் 'ஏ' வகை நல்லது. அதோடு பானையின் உடம்புக்கே எர்த் வயர் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். எலிமெண்ட் உறை வெடித்தால் கசிவு அந்த வழியே போய் உடனே ட்ரிப் ஆகும். எர்த் இல்லாத பானையில் அது உங்கள் கை வழியேதான் போகும், ஆர்சிசிபி அதற்குப் பிறகுதான் ட்ரிப் ஆகும்.

இணைப்பு வரிசை: பாயின்ட், ஆர்சிபிஓ, இரண்டு துருவக் கான்டாக்டர் (25 ஆம்ப்), பிறகு பேஸில் மட்டும் எஸ்எஸ்ஆர், பிறகு எலிமெண்ட். நியூட்ரல் கான்டாக்டரிலிருந்து நேராக எலிமெண்ட்டுக்கு. கண்ட்ரோலருக்குக் கான்டாக்டருக்கு முன்னாலிருந்து 1 ஆம்ப் ஃபியூஸ் வழியே தனி சப்ளை. கான்டாக்டர் காயிலை முன்பலகையில் ஒரு சுவிட்சில் வையுங்கள். காரணம், எஸ்எஸ்ஆர் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது எலிமெண்ட் நிரந்தரமாக ஆன். அந்த நேரத்தில் நிறுத்த ஒரு நிஜமான சுவிட்ச் வேண்டும்.

எஸ்எஸ்ஆர் ஓடும்போது ஆம்ப்புக்கு 1.2 முதல் 1.5 வாட் வரை சூடாகும். 13 ஆம்ப்புக்கு 16 முதல் 20 வாட். ஹீட்சிங்க் இல்லாமல் தாங்காது. ஹீட்சிங்கின் இறக்கைகள் பெட்டிக்கு வெளியே, செங்குத்தாக நிற்கட்டும். இடையில் தெர்மல் பேஸ்ட். மேலே 40 ஆம்ப் என்று எழுதியிருக்கும் மலிவுச் சரக்கில் பலவற்றுக்கு உள்ளே இருக்கும் சில்லு அதற்குப் பாதிகூடத் தாங்காது. 13 ஆம்ப் லோடுக்கு 40 போடச் சொல்வது அதனால்தான்.

வயர் 2.5 சதுர மிமீ செம்பு, எலிமெண்ட் அருகே சிலிக்கான் உறை போட்டது. பல இழை வயரை அப்படியே ஸ்க்ரூவில் முறுக்கி வைக்காமல் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் முனைக் குழல்) அடியுங்கள். பெட்டிக்குள் எரிந்து கருகும் இடம் பெரும்பாலும் லூஸ் டெர்மினல்தான்.

இன்னொன்று. கம்ப்யூட்டர் பவர் கார்டு மாதிரி இருக்கும் ஐஈசி சி13 ப்ளக்கை வைத்துக் கட்டிய படங்கள் நிறைய சுற்றுகின்றன. அது 10 ஆம்ப்புக்கு. 3000 வாட்டுக்கு சி19, 16 ஆம்ப். இல்லையென்றால் கேபிள் கிளாண்ட் போட்டு நேராக இணைத்துவிடுங்கள்.

புதுமால்ட்
நன்றி. கான்டாக்டர், ஆர்சிபிஓ இரண்டும் பட்டியலில் ஏறிவிட்டன. எலிமெண்ட் கெய்சருடையதே போதுமா? துளை எவ்வளவு?

பானைக்காரர்
கெய்சர் எலிமெண்ட் சுத்தத் தண்ணீருக்கு எனச் செய்தது. மால்ட் கஷாயத்தில் சர்க்கரையும் மாவும் இருக்கிறது. பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது, மேற்பரப்புக்கு எத்தனை வாட். குட்டையாக, தடிமனான ஒற்றை வளைவில் 3000 வாட்டை அடைத்திருந்தால் சதுர செமீ-க்கு 20 வாட்டைத் தாண்டிவிடும், கஷாயம் ஒட்டிக் கருகும். நாலைந்து மடிப்பாக நீளமாக இருப்பதில் 8 வாட் அளவுதான் வரும். கணக்கு எளிது: குழாயின் விட்டம் × 3.14 × நனையும் நீளம் செமீ-இல், அதால் வாட்டை வகுத்துவிடுங்கள். 8 மிமீ குழாய், 1.5 மீட்டர் நீளம் என்றால் 377 சதுர செமீ, 3000 வாட்டுக்குச் சரியாக 8.

இரண்டாவது, உலோகம். முலாம் பூசிய செம்பு வேண்டாம், கஷாயம் லேசான புளிப்பு, முலாம் நாளடைவில் போகும். உறை மட்டும் எவர்சில்வராக இருந்து அடித்தட்டு முலாம் பூசிய இரும்பாக இருப்பதும் உண்டு. இரண்டே பேட்ச்சில் துருச் சாறு இறங்கும். அடித்தட்டில் காந்தம் வைத்துப் பாருங்கள், கவ்விக்கொண்டு பிடித்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது மரை, ஆள் ஏமாறுகிற இடம். பிரிட்டிஷ் அளவான 1 அங்குல பிஎஸ்பி-யில் அங்குலத்துக்கு 11 மரை, அமெரிக்க அளவான 1 அங்குல என்பிடி, என்பிஎஸ்-இல் 11.5. ஒன்றில் மற்றதைக் கையால் போட்டால் மூன்று சுற்று அழகாகப் போகும், பிறகு கடித்துக்கொள்ளும். "சரியாக இறுகிவிட்டது" என்று நினைத்து ஸ்பானர் போட்டால் மரை போச்சு, கசிவும் நிற்காது. எலிமெண்ட்டையும் லாக்நட்டையும் ஒரே இடத்தில் வாங்கி, அங்கேயே முழுக்கச் சுற்றிப் பாருங்கள்.

மரையின் வெளிவிட்டம் 33 மிமீ-க்குச் சற்று மேல். துளை 33.5 முதல் 34. ஸ்டெப் டிரில்லை மெதுவாக, அழுத்தமாக, கட்டிங் ஆயில் விட்டு ஓட்டுங்கள். எவர்சில்வரில் வேகமாக ஓட்டி உரசவிட்டால் அந்த இடம் இறுகிப்போகும், அதன்பின் எந்த டிரில்லும் ஏறாது. சீறும் சத்தம் வந்தால் நிறுத்துங்கள். சுருள் சுருளாக உலோகம் உரிந்து வரவேண்டும், தூளாக வரக்கூடாது. பின்பக்கம் ஒரு மரத்துண்டு அண்டக்கொடுத்தால் தகடு குழியாது. பிசிறை அரம் போட்டு எடுத்துவிட்டு, சிலிக்கான் ஓ-ரிங் பானையின் வெளிப்பக்கம் உட்காரும்படி இறுக்குங்கள்.

துளையின் நடு அடியிலிருந்து 4.5 முதல் 5 செமீ. 35 செமீ விட்டப் பானையில் ஒரு செமீ உயரம் கிட்டத்தட்ட ஒரு லிட்டர், நினைவில் வைக்கச் சுலபம். எலிமெண்ட் முழுகி அதன் மேல் குறைந்தது 3 செமீ நிற்க வேண்டும் என்றால், 10 லிட்டருக்குக் கீழே சுவிட்சைத் தொடக்கூடாது. காய்ந்து எரிந்தால் எலிமெண்ட் நொடிகளில் போய்விடும்.

சுழல்நீர்
அந்த உயரம் பற்றி ஒரு எச்சரிக்கை. பை எலிமெண்ட்டைத் தொடக்கூடாது என்று எல்லோரும் 8 செமீ உயரத்தில் துளைத்தட்டு வைப்பார்கள். சரிதான். ஆனால் தட்டுக்குக் கீழே 8 லிட்டர் தண்ணீர் மால்ட்டையே பார்க்காமல் நிற்கும். மேலே உள்ள கூழ் (அரைத்த மால்ட்) 20 லிட்டரில் மட்டும் ஊறும், கீழ்த் தண்ணீரில் சர்க்கரை ஏறாது. சர்க்கரை அளவு குறைந்து வந்தால் அரைப்பைக் குறை சொல்வார்கள், பாதி நேரம் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து சுழற்சி. அடிக் குழாயில் எடுத்து மேலே ஊற்றும் ஒரு சிறு பம்ப், 24 வோல்ட் டிசி காந்த வகை, 100 டிகிரி தாங்குவது, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக். பம்ப் தானாக உறிஞ்சாது. பானைக்குக் கீழே வைத்து, தலைப்பகுதியில் காற்று நிற்காதபடி வெளிவாயை மேலாகத் திருப்பி, வால்வைத் திறந்து நீர் தானே வந்து நிரம்பியபின் ஆன் செய்யுங்கள். நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் போதும். முழு வேகத்தில் விட்டால் மால்ட் படுக்கை இறுகி, மேலே குளம் கட்டி, கீழே வறண்டு, எலிமெண்ட் தலைகாட்டும். அதனால் வால்வைப் பம்பின் வெளிப்பக்கம் வையுங்கள். உள்பக்கம் நெரித்தால் சூடான கஷாயம் பம்புக்குள்ளேயே ஆவியாகி, கடகடவென்று சத்தம் போட்டு நீர் நின்றுவிடும்.

சுழற்சி இருந்தால் சென்சார் பம்பின் வெளிவாயில் ஒரு டி-இணைப்பில் இருக்கட்டும். எலிமெண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கூழ் இன்னும் 62-இல் இருக்கும்போதே 67 என்று காட்டி அணைத்துவிடும்.

ஓம்விதி
பம்ப் நல்லதுதான், ஆனால் கேட்டவர் சிக்கனம் கேட்கிறார். முதல் பத்து பேட்ச்சுக்குப் பம்பும் வேண்டாம், பிஐடி-யும் வேண்டாம் என்பது என் கட்சி.

28 லிட்டர் சூடான கூழ் சூட்டை விடாது. 70 டிகிரி தண்ணீரில் 25 டிகிரியில் இருக்கும் 5 கிலோ மால்ட்டைக் கொட்டினால் 67-இல் வந்து நிற்கும். கணக்கு: கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்பதால் 0.41-ஐ வகுத்து, வேண்டிய சூட்டுக்கும் மால்ட்டின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, வேண்டிய சூட்டோடு கூட்டுங்கள். இங்கே 5.6 லிட்டர், வித்தியாசம் 42, வருவது 3. கரண்ட்டை அணைத்து, மூடி, பழைய கம்பளி இரண்டு சுற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பையை ஏற்றி இறக்கினால் கீழ்த் தண்ணீரும் கலந்துவிடும். அரை டிகிரி துல்லியத்துக்கு ஏங்குவதைவிட நல்ல தெர்மாமீட்டர் வாங்குவது பயன்.

சுழல்நீர்
52, 63, 72 டிகிரி என்று படிப்படியாக ஏற்ற நினைப்பவருக்குக் கம்பளி உதவாது. மற்றபடி ஒப்புக்கொள்கிறேன், பம்பைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் அரை அங்குல வால்வுக்கான துளையை இப்போதே போட்டுவிடுங்கள். எலிமெண்ட் மாட்டியபின் பானையைத் திரும்ப டிரில்லில் வைப்பது வேதனை.

செம்புக்கம்பி
மாஷுக்கு பிஐடி வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கொதிக்கும்போது பவரைக் குறைக்க ஒரு வழி வேண்டும், எஸ்டிசி-யால் அது முடியாது. தண்ணீர் 100-ஐத் தாண்டாது, ஆகவே வெப்பநிலையை வைத்துக் கொதியின் வேகத்தைப் பிடிக்கவே முடியாது. வேண்டியது சதவீதம்: இத்தனை நொடி ஆன், இத்தனை நொடி ஆஃப். மலிவு பிஐடி பலவற்றில் இந்த மேனுவல் முறை இல்லை. வாங்கும் முன் கையேட்டில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு பொறி: ஒரே மாடலில் ரிலே அவுட்புட், எஸ்எஸ்ஆர் அவுட்புட் என இரண்டு வரும், கடைசி ஓரெழுத்துதான் வேறுபடும். எஸ்எஸ்ஆர்-க்கு வேண்டியது 12 வோல்ட் அளவில் டிசி துடிப்பு. ரிலே வகையை வாங்கினால் எஸ்எஸ்ஆர் விளக்கு எரியவே எரியாது.

இதைவிட மலிவு ஒன்று உண்டு. பொட்டென்ஷியோமீட்டரைத் திருகினால் துடிப்பின் அகலம் மாறும் சிறு பலகை, ஓரிரு நொடிச் சுற்றில் ஓடக்கூடியது. மாஷுக்கு எஸ்டிசி, கொதிக்கு அந்தப் பலகை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்ச். உங்கள் பானைக்குக் கொதி பிடித்தபின் 75 சதவீதத்தில் ஆரம்பித்துப் பாருங்கள்.

பிடி100 சென்சார் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறுவது) போடுவீர்களானால் மூன்று வயர் வகை. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5. டிகிரிக்கு 0.4 ஓம்கூடக் கிடையாது. இரண்டு வயரில் கேபிளே 0.8 ஓம் சேர்த்தால் இரண்டு டிகிரி பொய் சொல்லும். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் சென்சாரின் ஒரே முனை. குழப்பினால் காட்டும் எண் அர்த்தமில்லாமல் இருக்கும்.

முன்கூட்டியே ஒன்று: எலிமெண்ட்டைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் எஸ்எஸ்ஆர் ஆஃப் நிலையிலும் 230 வோல்ட் பக்கம் காட்டும். உள்ளே இருக்கும் சிறு கசிவுதான். கெட்டுவிட்டது என்று மாற்ற ஓடாதீர்கள், லோடு போட்டு அளந்து பாருங்கள். அதே காரணத்தால் எஸ்எஸ்ஆர் ஆஃப் என்று நம்பிக் கையும் வைக்காதீர்கள்.

புதுமால்ட்
கட்டியாகிவிட்டது, ஆனால் முதல் தண்ணீர்ச் சோதனையிலேயே ஆர்சிபிஓ ட்ரிப். ஆன் செய்து ஒரு நொடிகூட நிற்கவில்லை. எலிமெண்ட் புத்தம் புதிது. மல்டிமீட்டரில் எலிமெண்ட்டுக்கும் உறைக்கும் இடையே எதுவும் காட்டவில்லை, 17.6 ஓம் எலிமெண்ட் சரியாக இருக்கிறது.

செம்புக்கம்பி
மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும், அதற்கு இந்தக் கசிவு தெரியாமல் போகலாம். 500 வோல்ட் மெக்கரில் (உயர் வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்க வேண்டும். ஒரு எலக்ட்ரீஷியனிடம் இருக்கும்.

முதலில் எலிமெண்ட் வயர் இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் ட்ரிப் ஆனால் பெட்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொடுகின்றன, அல்லது நியூட்ரலை ஆர்சிபிஓ-வுக்கு முன்னாலிருந்து எடுத்திருக்கிறீர்கள். வெளியே போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. நியூட்ரல் வேறு வழியே திரும்பினால் கசிவு என்றே எண்ணும்.

எலிமெண்ட்டைக் கழற்றியதும் நின்றுவிட்டால் ஈரம். உறைக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள், கிடங்கில் நாளாகக் கிடந்தால் அது ஈரத்தை இழுத்துவிடும். எலிமெண்ட்டை எடுத்து, ஓ-ரிங், டெர்மினல் மூடி நீக்கி, ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்கள். ஆறியபின் மெக்கரில் 1 மெகாஓமுக்கு மேல் வந்தால் மாட்டலாம். "ஆர்சிபிஓ-வைத் தவிர்த்து நேராகக் கொடுத்து ஓடவிட்டால் தானே காய்ந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள்.

புதுமால்ட்
ஓவனில் வைத்தெடுத்ததும் சரியாகிவிட்டது. மெக்கரில் இப்போது 20 மெகாஓமுக்கு மேல். அடுத்து மால்ட். கருகாமல் இருக்க என்ன பார்க்கவேண்டும்?

பானைக்காரர்
கருகுவது பெரும்பாலும் கொதியில் இல்லை, மாஷில். நைசாக அரைத்த மாவு அடியில் இறங்கி, அசையாத நீரில் எலிமெண்ட் மேல் உட்கார்ந்து, மேலே முழு 3000 வாட். மாஷின்போது சூடேற்ற வேண்டி வந்தால் பவர் பாதிக்கு மேல் போகக்கூடாது, பம்ப் ஓடாத நேரத்தில் கிளறாமல் ஏற்றக்கூடாது. கோதுமை அதிகமானால் இன்னும் எச்சரிக்கை. சர்க்கரையோ மால்ட் பாகோ சேர்ப்பதாக இருந்தால் எலிமெண்ட்டை அணைத்து, முழுக்கக் கரைந்தபின்தான் ஆன். பாகு கனம், நேராகப் போய் எலிமெண்ட் மேல்தான் விழும். கருகிய கஷாயத்துக்கு மருந்து இல்லை, அந்தப் புகை நாற்றம் கடைசிக் குவளை வரை வரும்.

கொதி தொடங்கும் 97, 98 டிகிரியில் நுரை ஒரே மூச்சில் பொங்கும். அங்கேயே நின்று 60 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, நுரை உடைந்தபின் ஏற்றுங்கள். மூடியை முழுக்க மூடிக் கொதிக்கவிடாதீர்கள். வேகவைத்த சோள வாடை தரும் டிஎம்எஸ் ஆவியோடு வெளியேற வேண்டும்.

முடிந்ததும் 12 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 5 கிராம் சோடியம் பெர்கார்பனேட், 60 டிகிரியில் அரை மணி. வெள்ளைப் படிவு மிஞ்சினால் சிட்ரிக் அமிலம். ப்ளீச் வேண்டாம், எவர்சில்வரில் பொடிப்பொடியாகக் குழி விழும். கம்பி நாரும் வேண்டாம்.

சுழல்நீர்
குளிர்விக்க 10 மிமீ செம்புக் குழாய் 12 மீட்டர், சுருளாக. கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது உள்ளே இறக்கினால் கிருமி போய்விடும். சுருள் நிலையாகக் கிடந்தால் அதைச் சுற்றியுள்ள கஷாயம் மட்டும் குளிரும், ஆகவே கரண்டியால் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருங்கள். குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தால் 40 வரை அதை ஓடவிட்டு, பிறகு ஐஸ் வாளியிலிருந்து சிறு பம்பில் சுற்றவிடுங்கள். சுருளை இறக்கும்போது எலிமெண்ட்டில் இடிக்காமல் பாருங்கள், உறை நசுங்கினால் மறுபடி ட்ரிப் கதைதான்.

செம்புக்கம்பி
மால்ட் போடும் முன் வெறும் தண்ணீரில் ஒருமுறை முழு ஓட்டம். 28 லிட்டர் ஊற்றி, 25-இலிருந்து 70-க்கு எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். 32, 33 வரவேண்டும். 40-ஐத் தாண்டினால் எங்கோ வோல்ட் விழுகிறது. பெட்டியின் உள்ளே வரும் இடத்திலும் எலிமெண்ட் முனையிலும் ஓடும்போதே அளந்து பாருங்கள், மூடி திறந்த பெட்டியில் அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பிறகு 75 சதவீதத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு எத்தனை செமீ இறங்கியது என்று பாருங்கள். அதுதான் உங்கள் பானையின் ஆவி அளவு, மேலே போட்ட 3 லிட்டரை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு மணி முடிந்ததும் மெயினை அணைத்து, ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் நிற்காத சூடு என்றால் அந்த டெர்மினலைப் பிரித்துத் திரும்ப இறுக்கும் வரை மால்ட் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

புதுமால்ட்
34 நிமிடம். ஆவி மணிக்கு 2.6 லிட்டர். ப்ளக் வெதுவெதுப்பு. எஸ்எஸ்ஆர் ஹீட்சிங்க் 48 டிகிரி. தண்ணீரை 27.6 லிட்டராகக் குறைத்துக்கொள்கிறேன்.